சேமி பட்டன் இருந்த இடம்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சௌக்கியம், கடை என்னைவிடச் சௌக்கியம். உன் இருமல் விட்டதா? மருந்தை வாங்கி மேசை மேல் அழகுக்கு வைத்திருப்பாய், எனக்குத் தெரியாதா.

இங்கே ஒரு வாரமாக மூடுபனி. காலையில் கதவைத் திறந்தால் தெரு மொத்தத்தையும் யாரோ பஞ்சுக்குள் பொதிந்து வைத்த மாதிரி இருக்கிறது. எதிர்க்கடைப் பலகைகூடத் தெரிவதில்லை. தலையணைக் கடைக்கு ஏற்ற தெருதான்.

உங்கள் கம்பெனி எடிட்டரில் கடைக்கு ஒரு வெப்சைட் கட்டினேன் அல்லவா? விலைப் பக்கத்தை ஒருவரும் சீண்டுவதில்லை. எல்லோரும் நேரே கனவுப் பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். புதுத் தலையணையில் முதலில் வந்த கனவை வந்து சொல்லுங்கள் என்று ஒருவரிடம் விளையாட்டாகச் சொன்னேன். இப்போது அதுவே கடைக்கு அடையாளமாகிவிட்டது. நேற்று லாரி ஓட்டுகிறவர் வந்தார். "கடலுக்கு அடியில ரோடு போட்டிருந்தாங்கம்மா. நான் பாட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போறேன், மீனெல்லாம் கை காட்டி வழி விடுது" என்றார். உறை தைத்துக்கொண்டிருந்த தையல்காரம்மா, "மீனுக்கு ஏதுங்க கை?" என்று கேட்டுவிட்டார். "கனவுலகூடக் குறுக்குக் கேள்வியா?" என்று மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது.

மாலையில் உட்கார்ந்து இப்படி ஒன்றை என் கையால் ஏற்றுவேன். அந்த நேரம் எனக்கே எனக்கு. அதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் உங்கள் எடிட்டர் இருக்கிறதே! எழுத்தைத் திருத்த ஒரு தட்டு, படத்தைத் திருத்த இரண்டு தட்டு. கனவுப் பக்கத்தில் 'சேமி' பட்டன் மேலே வலது மூலையில் இருக்கிறது. விலைப் பக்கத்தில் அது கீழே. முகப்பில் பட்டனே கிடையாது, அதுவாகச் சேமித்துக்கொள்ளுமாம். சின்ன வயதில் கரண்ட் போனதும் முக்காலியைத் தூக்கி நடு வழியில் வைத்து, நான் இடறுவதைக் கேட்டுக் கெக்கெக்கே என்று சிரிப்பாயே, அந்தப் புத்தி வேலைக்குப் போயும் போகவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. பதில் எழுது. நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிறவன், அக்காவுக்காவது காகிதத்தில் எழுது.

உன் அக்கா

பிப்ரவரி 2

அன்பு அக்காவுக்கு,

சோடாபுட்டியின் வணக்கம். இருமல் போய்விட்டது. மருந்து மட்டும் இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது. உன் முழங்கால் வலி எப்படி?

முக்காலியை வைத்தது நான் இல்லை, சத்தியமாக. எங்கள் கம்பெனியில் எழுத்துக்கு ஒரு குழு, படத்துக்கு ஒரு குழு, கடைப் பக்கங்களுக்கு இன்னொரு குழு. ஆளாளுக்கு ஒரு மாடி. லிஃப்டில் பார்த்தால் சிரித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான் உறவு. அவரவர் இஷ்டத்துக்கு அவரவர் பட்டன். நல்ல சேதி என்னவென்றால், இவற்றையெல்லாம் ஒரே மாதிரி ஆக்கும் பொறுப்பு இப்போது என் தலையில். மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்கேல். மேசையில் கோப்பையின் காதுகூட வலது பக்கம் பார்த்துத்தான் நிற்க வேண்டும் அவருக்கு. உனக்கு எங்கெங்கே இடிக்கிறதோ எல்லாவற்றையும் எழுது. உன் பேரைச் சொல்லிச் சண்டை போடுவேன்.

மூடுபனி என்று எழுதியிருந்தாய். அங்கே பனியே இல்லை, நல்ல வெயில் என்றல்லவா செய்தியில் சொன்னார்கள்? அப்புறம், உன் எழுத்து ஏன் இப்படிப் பெருத்துப்போய்விட்டது? பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் வருகிறது. தையல்காரம்மாவின் அறுவையைக் கேட்டுக்கொண்டே எழுதினாயோ? வாயைத் திறந்தால் மூட மாட்டாரே அந்த அம்மா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் சோடாபுட்டி

பிப்ரவரி 24

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். முழங்கால் அதன் பாட்டுக்கு இருக்கிறது. வெயிலா பனியா என்று உன்னோடு வாதாட எனக்கு நேரமில்லை. பேனா புதிது, முனை தடிமன், அதனால்தான் எழுத்து பெரிது. போதுமா? தையல்காரம்மாவைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் பார்த்து எழுது. அவருக்கும் காது இருக்கிறது.

கனவுகள் நிறைய வருகின்றன. ஒரு நர்ஸ் வந்தாள். வார்டில் எல்லோரும் தூங்கியதும் கட்டில்களெல்லாம் மெல்ல மிதந்து ஜன்னல் வழியாக வெளியே போயினவாம். இவள் போர்வையைப் பிடித்துப் பிடித்து இழுத்தாளாம். "ஒண்ணுகூடத் திரும்பி வரல, ஆனா எனக்கு பயமே இல்லக்கா" என்றாள். சொல்லிவிட்டு, என் கடை ஜன்னலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றேன். வெளிச்சம் கரைந்து கரைந்து போய்க்கொண்டிருந்தது, நன்றாகவே இருந்தது.

உன் எடிட்டரில் அந்தச் சாம்பல் எழுத்து எதற்கு? வெள்ளை மேல் சாம்பல் போட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் கனவுப் பக்கம் எனக்கு இப்போது கைப்பாடம். மவுஸை மேலே தள்ளி, வலது பக்கம் அது முட்டி நிற்கும் வரை தள்ளினால் மூலை. மூலைதான் 'சேமி'. தட்டினால் ஒரு கேள்வி வரும், என்டர் அடித்தால் 'ஆம்'. முடிந்தது வேலை. கண்ணை மூடிக்கொண்டே செய்வேன், பந்தயம் கட்டு!

இருமல் திரும்ப வந்தால் அலட்சியம் செய்யாதே.

அக்கா

மார்ச் 18

அன்பு அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் சிரிப்பாய். ஆனாலும் நலம்.

முடித்துவிட்டோம்! எங்கே தொட்டாலும் ஒரு தட்டில் திறக்கும், வெளியே தட்டினால் மூடும். எல்லாப் பக்கத்திலும் 'சேமி' இனி ஒரே இடத்தில், கீழே நடுவில். அடுத்த வாரம் எல்லோருக்கும் வந்துவிடும். மேலே வலது மூலை காலியானது. காலியிடம் என்றால் ஸ்கேலுக்குத் தூக்கம் வராது. "பக்கத்த நீக்கற பட்டன அங்க வெச்சிடலாம். எப்படியும் 'உறுதியா?'ன்னு கேக்கப்போறோம், பயம் எதுக்கு?" என்றார். எனக்கும் சரியென்று பட்டது. இப்போது திரையைப் பார்த்தால் மனதுக்கு அவ்வளவு அமைதியாக இருக்கிறது. ராத்திரி பெருக்கி, பாத்திரம் கவிழ்த்து, விளக்கணைத்த வீடு மாதிரி.

எல்லாம் உன் கடிதத்தால் வந்தது. பார்த்துவிட்டு எழுது, காத்திருப்பேன்.

உன் சோடாபுட்டி

ஏப்ரல் 25

அக்கா,

நலம்தானே? ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது, ஒரு வரி இல்லை. போன் செய்தால் தையல்காரம்மா எடுத்து, "அக்கா பஞ்சு அடைச்சிக்கிட்டு இருக்காங்க தம்பி" என்கிறார். எப்போது கூப்பிட்டாலும் பஞ்சுதானா? என் மேல் ஏதாவது கோபமா? புது எடிட்டர் பிடிக்கவில்லை என்றால் நேரே திட்டிவிடு. இப்படி மௌனமாக இருந்தால் என்னவோ போலிருக்கிறது.

தம்பி

மே 14

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் மேல் எனக்கு என்ன கோபம்? கடையில் வேலை அதிகம்.

புது எடிட்டர் அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கனவுப் பக்கம்தான் போய்விட்டது. நீ சொன்ன மாற்றம் வந்த முதல் நாளே. பட்டனை மாற்றியதாக நீ எழுதியிருந்தாய், எனக்கும் நினைவிருந்தது. கைக்கு யார் சொல்வது? மூலைக்குப் போனது, தட்டியது, என்டரும் அடித்தது. சட்டென்று உறைத்து, 'மீட்டெடு' பட்டனைத் தட்டினேன். எழுத்தைத் தப்பாக அழித்தால் அது திருப்பித் தருமே, பக்கத்தையும் தரும் என்று நினைத்தேன். அது எழுத்துக்கு மட்டும்தானாம். லாரிக்காரரின் மீன், நர்ஸின் கட்டில்கள், எல்லாம் போயே போய்விட்டன.

பரவாயில்லை. போதும் என்றுதான் தோன்றுகிறது. தலையணைக் கடை தலையணை விற்றால் போதாதா? கடையையே எதிர்க்கடைக்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார், கொடுத்துவிடலாமா என்றும் ஒரு யோசனை. நீ மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அக்கா

மே 22

அன்பு அக்காவுக்கு,

என்ன காரியம் செய்தாய்! நீக்கிய பக்கத்தின் பிரதியை ஒரு மாதம் வரைதான் வைத்திருப்போம். அன்றைக்கே ஒரு போன் செய்திருந்தால் நொடியில் எடுத்துக் கொடுத்திருப்பேன். எல்லா மாடியும் ஏறி இறங்கிக் கேட்டுவிட்டேன். இல்லை. இனி வராது.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சிவப்புப் பட்டன், அதில் கொட்டை எழுத்தில் 'நீக்கு'! உன் கண் எங்கே போயிருந்தது? ஊசியில் நூல் கோக்க என்னைப் பக்கத்திலேயே விடமாட்டாய், "நகருடா சோடாபுட்டி, உனக்குக் கண்ணு தெரியாது" என்பாய். இப்போது பார். இனிமேலாவது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்.

அதற்காகக் கடையைக் கொடுப்பதா? பேச்சைப் பார். புதுப் பக்கம் ஒன்று ஆரம்பி.

உன் சோடாபுட்டி

ஜூன் 6

தம்பிக்கு வணக்கம்,

தையல்காரம்மா எழுதுகிறேன். நீங்கள் எழுதிய அந்த அறுவை நான்தான். வருத்தமில்லை, உள்ளதைத்தானே எழுதினீர்கள்.

ஜனவரியிலிருந்து உங்கள் கடிதங்களை அக்காவுக்கு நான்தான் படித்துக் காட்டுகிறேன் தம்பி. அக்காவுக்கு நடுப்பார்வை போய்விட்டது. ஓரத்தில் கொஞ்சம் தெரிகிறது. இனி திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பிக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்.

போன கடிதத்தில் அந்தக் கண் வரியை முன்கூட்டியே பார்க்காமல் சத்தமாகப் படித்துத் தொலைத்துவிட்டேன். அக்கா சிரித்தார். "நல்லாத்தான் கேக்கறான்" என்றார். அப்புறம் உள்ளே போய் அன்று முழுக்கப் பஞ்சு அடைத்துக்கொண்டே இருந்தார். எதிர்க்கடைக்காரரிடமும் சரி என்று சொல்லிவிடுவார் போலிருக்கிறது. அந்தக் கனவுப் பக்கம் போனதிலிருந்து, தன்னால் இனி ஒன்றும் முடியாது என்று முடிவு கட்டிவிட்டார். சத்தியத்தை மீறியதற்கு என்ன பாவமோ எனக்கே வரட்டும். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தையல்காரம்மா

ஜூன் 12

அக்கா,

தையல்காரம்மா எழுதிவிட்டார், அவரைத் திட்டாதே. நீ என்னிடம் வந்துவிடு. கடையைக் கொடுத்துவிடு, இங்கே ஒரு அறை காலியாகத்தான் இருக்கிறது.

கடிதத்தைப் படித்ததும் அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது. "மூலை வரை தள்ளுவேன், கண்ணை மூடிக்கொண்டே செய்வேன்" என்று நீ எழுதியதை எடுத்துத் திரும்பப் படித்தேன். அன்றைக்கு அதைப் படித்துவிட்டு, அக்கா பெருமை அடித்துக்கொள்கிறாள் என்று சிரித்தேனே, என்னை என்ன செய்தால் தகும்?

மறுநாள் கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டு எங்கள் எடிட்டரில் உட்கார்ந்தேன். நானே ஒழுங்குபடுத்திய எடிட்டர், என்னால் ஒரு வரி சேமிக்க முடியவில்லை. ஸ்கேல் வந்தார். "என்னப்பா இது, ஆபீஸ்ல கண்ணாமூச்சியா?" என்றார். உன் கதையைச் சொன்னேன். கைக்குட்டையை வாங்கித் தானும் கட்டிக்கொண்டார். தன் மீன்தொட்டிக்கு எங்கள் எடிட்டரிலேயே ஒரு பக்கம் கட்டி வைத்திருக்கிறார் மனிதர். கை பழைய பழக்கத்தில் மூலைக்குப் போய்த் தட்டி என்டரும் அடித்தது, பக்கம் போயிற்று. கண்கட்டை அவிழ்த்து, மீட்டெடு, மீட்டெடு என்று தட்டிப் பார்த்துவிட்டு, "யோவ், என் மீனக் குடுங்கய்யா!" என்று கத்தினார். மாடி முழுக்கக் கேட்டது.

ஒரே மாதிரி என்றால் எல்லாம் ஒரு வரிசையில் அழகாக நிற்பது என்று நினைத்துவிட்டோம் அக்கா. நேற்று இருந்த இடத்தில் இன்றைக்கும் இருக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மூலை மறுபடி 'சேமி'க்கே வருகிறது, எல்லாப் பக்கத்திலும். புதிதாகப் பழகியவர்களுக்காகக் கீழே இருப்பதும் இருக்கும். ஒரு வேலைக்கு இரண்டு பட்டன் என்றால் ஸ்கேலுக்கு உயிரே போகும், ஆனாலும் ஒப்புக்கொண்டார். மீட்டெடு இனி பக்கத்தையும் மீட்கும். உன் கண்ணுக்கு மட்டும் அப்படி ஒரு பட்டன் என்னிடம் இல்லை.

வந்துவிடு அக்கா.

தம்பி

ஜூலை 3

அன்புத் தம்பிக்கு,

நலம். இந்த முறை அந்தச் சொல்லைக் கொஞ்சம் நம்பலாம். தையல்காரம்மா அட்டையில் வரிவரியாகத் துளை வெட்டிக் கொடுத்திருக்கிறார், அதற்குள்தான் எழுதுகிறேன். வரி நேராக வருகிறதா?

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் கடையை மூடிவிட்டு வா என்பாய் என்று பயந்தேன். முதல் பத்தியிலேயே அதைத்தானே எழுதியிருக்கிறாய், கழுதை. நான் வரமாட்டேன். உன் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று என் கைக்குத் தெரியாது. இங்கே ஒவ்வொரு மூட்டையும் தெரியும்.

ரொம்பப் பயந்துவிடாதே. நேராகப் பார்த்தால் முகம் இருக்காது. கொஞ்சம் தள்ளிச் சுவரைப் பார்த்தால், முகம் ஓரமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பேசுகிறவர்கள், இவள் யாரைப் பார்க்கிறாள் என்று திரும்பிப் பார்க்கிறார்கள். சாயங்காலங்களில் விளிம்புகள் மட்டும் மின்னும், நடுவில் எல்லாம் வெள்ளைப் புகை. விழித்துக்கொண்டே கனவு காண்கிற மாதிரி. சில நாள் அழுகை வருகிறது, சில நாள் வேடிக்கையாக இருக்கிறது. திரையைப் படித்துச் சொல்லும் குரல் ஒன்றும் போட்டுக்கொண்டேன். அது நம் கடைப் பெயரைச் சொன்னால் யாரையோ திட்டுவது போலிருக்கிறது.

லாரிக்காரர் வந்தார். கனவு அழிந்துவிட்டது என்றேன். "அதுக்கென்னம்மா, மறுபடி சொல்றேன்" என்று உட்கார்ந்தார். இந்த முறை கடல் இல்லை, மேகத்துக்கு நடுவில் ரோடு. மீன்கள் பறவையாகிவிட்டன. "அதுங்களுக்குக் கை இருந்துச்சா?" என்று தையல்காரம்மா விடாமல் கேட்டார். "இருந்துச்சு, போதுமா?" என்றார். நர்ஸும் வந்தாள். அவளுடைய கட்டில்களில் ஒன்று திரும்பி வந்துவிட்டதாம்.

நீ சொன்ன மாற்றம் நேற்று வந்தது. இரண்டு கனவையும் புதுப் பக்கத்தில் எழுதி, மவுஸை மூலைக்குத் தள்ளினேன், முட்டியது, தட்டினேன். 'சேமிக்கப்பட்டது' என்றது அந்தத் திட்டுகிற குரல். எதிர்க்கடைக்காரரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அக்கா

ஆகஸ்ட் 9

அன்பு அக்காவுக்கு,

நலம். வரி நேராகத்தான் வந்தது, என்னுடையதைவிட நேராக. தையல்காரம்மா, இதைப் படிக்கும் உங்களுக்கும் என் வணக்கம், உங்கள் அறுவையை நேரில் கேட்க வருகிறேன்.

ஆமாம், அடுத்த மாதம் லீவு போட்டிருக்கிறேன். வந்து பத்து நாள் இருப்பேன். பயப்படாதே, செருப்பைக்கூடச் சுவரோரம்தான் விடுவேன். நாற்காலியோ டம்ளரோ எதையும் ஓர் அங்குலம் நகர்த்த மாட்டேன். வீட்டில் நான் இருப்பதே உனக்குத் தெரியாது.

உன் சோடாபுட்டி

ஆகஸ்ட் 17

அன்புத் தம்பிக்கு,

வா. பயணத்தில் கண்டதையும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

தலையணை விற்கிறவள் தன் கனவைச் சொன்னதில்லையே என்று எல்லோரும் கேட்கிறார்கள். நேற்று என்னுடையதை ஏற்றினேன். நம் பழைய வீடு. கரண்ட் போயிருக்கிறது. நான் வாசலிலிருந்து கொல்லை வரை நடக்கிறேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. கை நீட்டினால் கதவு, கை நீட்டினால் பானை. எதிலும் இடிக்கவே இல்லை. எவ்வளவு நடந்தாலும் எதிலும் இடிக்கவில்லை. வீட்டில் வேறு ஆளே இல்லை போலிருந்தது. அழுதுகொண்டே விழித்தேன்.

அதனால் நீ வந்ததும் நல்ல பிள்ளையாகச் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நிற்காதே. கடைக் கதவுக்குப் பக்கத்தில் முக்காலி இருக்கும். அதை மட்டும் தூக்கி நடு வழியில் வை. நான் இடறிக்கொண்டு உன்னைத் திட்ட வேண்டும்.

உன் அக்கா